குப்பையை அள்ளுவோம், கணக்கையும் கேட்போம்!

(கடற்கரைத் துப்புரவு வேலையை ஒட்டி, மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய தயாரிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை.)



வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாம் கடற்கரைக்குப் போகிறோம். காற்று வாங்க அல்ல, குப்பை அள்ள. இதற்கு எதற்குக் கூட்டம், சாக்கைத் தூக்கிக்கொண்டு போனால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். போன தடவை அப்படித்தான் போனோம். என்ன ஆயிற்று என்பதை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் தப்பை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

போன தடவை அறுபது பேர் போனோம். மூன்று மணி நேரம் குனிந்த முதுகு நிமிரவில்லை. பாட்டில், செருப்பு, பாக்கெட், அறுந்த வலை, கயிறு, தெர்மகோல் எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் திணித்தோம். கரை பளிச்சென்று ஆயிற்று. சாக்குகளை ரோட்டோரமாக அடுக்கினோம். வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்தோம். லாரி வந்து எடுத்துப் போகும் என்று நினைத்தோம். லாரி வேண்டும் என்று யாரிடம் சொன்னோம்? யாரிடமும் சொல்லவில்லை! நாலாம் நாள் நாய் கிழித்தது. ஏழாம் நாள் காற்று கிளப்பியது. அள்ளிய குப்பை அள்ளிய இடத்துக்கே திரும்பியது. நாம் கொண்டு போன சாக்கும் அதோடு சேர்ந்து குப்பையாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று தொண்டர்களுக்குத் தண்ணீர் எதில் கொடுத்தோம்? பிளாஸ்டிக் பாக்கெட்டில். டீ எதில் கொடுத்தோம்? பேப்பர் கப்பில். பேப்பர் என்றுதான் பெயர். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தண்ணீர் பாக்கெட்டும், பிளாஸ்டிக் பூசிய கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சாமான்கள். கடலைச் சுத்தம் செய்யப் போனவர்கள் கடலுக்குச் சீதனம் கொடுத்துவிட்டு வந்தோம்!

மொத்தம் எத்தனை சாக்கு என்று கேட்கிறீர்களா? தெரியாது. எண்ணவில்லை. தோழர்களே, நாம் செய்த தப்புகளில் பெரிய தப்பு அதுதான். அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

ஒரு தாயார் கேட்ட கேள்வி

இந்தத் தடவை வேலை தொடங்குவதற்கு முன் ஊர் ஊராகப் போய்ப் பேசினோம். வாழைக் காட்டில் வேலை பார்க்கும் ஒரு தாயார் எழுந்து கேட்டார்: “ஏன் அண்ணாச்சி, குப்பை அள்ளுறதுக்குன்னே எங்க தெருவ ஒதுக்கி வச்சிருக்காவ. இம்புட்டு நாளும் கூலிக்கு அள்ளுனோம். இனிமே சும்மாவும் அள்ளணுமோ?”

கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. நாமும் வாயடைத்து நின்றோம். அந்தத் தாயார் கேட்டதில் என்ன தப்பு? இந்த நாட்டில் குப்பை எல்லோருக்கும் பொது. குனிவது மட்டும் சில தெருக்காரர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். பிறந்த தெருவைப் பார்த்துத் துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறார்கள். “தொண்டு” என்ற நல்ல வார்த்தையைச் சொல்லி அதே கையில் மறுபடியும் துடைப்பத்தைக் கொடுத்தால், அது தொண்டல்ல, பழைய வெட்டி வேலைக்குப் புதுப் பெயர்.

ஆகவே அந்த இடத்திலேயே பேசி ஒரு விதி செய்தோம். இந்த வேலையில் முதலில் குனிகிறவர்கள் இதுவரை குனியாதவர்கள். சங்கச் செயலாளர் குனிவார். மில் குமாஸ்தா குனிவார். வாத்தியார் குனிவார். மேடையில் நின்று பேசுகிற நாமும் குனிவோம். துப்புரவு வேலையை விதியென்று தலையில் சுமத்தப்பட்ட எவரையும் குப்பை அள்ள வா என்று கூப்பிட மாட்டோம். வர விரும்பினால் வரலாம். என்ன வேலை என்பதை அவரே சொல்லலாம்.

அந்தத் தாயார் யோசித்தார். பிறகு சொன்னார்: “குனிய வர மாட்டேன். கணக்கு எழுத வாரேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.”

தோழர்களே, மூன்று மணி நேரம் மேடையில் பேசினாலும் நமக்கு விளங்காத விஷயத்தை அவர் ஒரு வார்த்தையில் விளக்கிவிட்டார். களத்துமேட்டில் நெல்லை அளக்கிற மரக்கால் யார் கையில் இருந்தது? பண்ணையார் ஆள் கையில். அறுத்தது நாம், அடித்தது நாம், தூற்றியது நாம், அளந்தது அவர்கள். அளந்தவன் சொன்னதுதான் கணக்கு. மில்லில் ஓடிய கணக்கை எழுதுகிறவன் யார், அதில் எவ்வளவு வெட்டு விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். எண்ணாமல் அள்ளினால் அது ஊழியம். எண்ணி அள்ளினால் அது சாட்சி. இந்த ஞாயிற்றுக்கிழமை மரக்கால் நம் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் குப்பை யாருடையது?

“கடற்கரைக் குப்பை கடற்கரைக்காரன் போட்டது, வயற்காட்டுக்காரனுக்கு என்ன?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் நம் ஆற்றிலேயே இருக்கிறது.

தாமிரபரணி பொதிகையில் இறங்கிச் சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேருகிறது. விக்கிரமசிங்கபுரத்தின் மில் குடியிருப்பைத் தொட்டுக்கொண்டு வருகிறது. திருநெல்வேலிப் பட்டணத்தின் நடுவே வருகிறது. ஸ்ரீவைகுண்டத்து அணையில் நின்று, வாய்க்கால்களில் பிரிந்து, நெல்லுக்கும் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு மீதிக் கடலுக்குப் போகிறது. வழியில் நாம் எதைப் போட்டாலும் அதையும் சுமந்துகொண்டு போகிறது. ஆறு வேண்டாம் என்று சொல்லாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடு, மாடு, தட்டுமுட்டுச் சாமான், வாழை எல்லாம் போயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு பாலத்துத் தூண்களிலும் கருவேல மரங்களிலும் என்ன தொங்கியது? பிளாஸ்டிக் பையும் சாக்குத் துண்டும் துணியும். தூணில் சிக்கியது கொஞ்சம். சிக்காதது எங்கே போயிருக்கும்? கடலைத் தவிர அதற்கு வேறு வழி ஏது?

கரையில் குனிந்து பார்த்தால் நம் வாழ்க்கையே அங்கே சிதறிக் கிடக்கிறது. வாழை இலைக் கட்டுக்கு முன்பெல்லாம் வாழை நாரே கயிறு. இப்போது பிளாஸ்டிக் கயிறு. அது அங்கே கிடக்கிறது. பயிருக்கு அடித்த பூச்சி மருந்தின் காலி டப்பா. மருந்தை வாங்கியவர் நிலக்காரர், அடித்தவர் நாம், டப்பா போன இடம் வாய்க்கால். மில்லில் நூல் சுற்றும் பிளாஸ்டிக் கோன். மூட்டை கட்டும் பட்டை. எல்லாவற்றையும் விட அதிகமாகக் கண்ணில் படுவது சின்னச் சின்னப் பாக்கெட்: ஷாம்பு, சோப்புத் தூள், ஊறுகாய், பாக்கு.

அந்தப் பாக்கெட் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நம் கூலி சின்னதாக இருப்பதால்தான்! மாதச் சம்பளக்காரர் பெரிய பாட்டிலாக வாங்குகிறார். அன்றாடம் கூலி வாங்குகிறவர் அன்றாடம் ஒரு பாக்கெட் வாங்குகிறார். நம்முடைய இல்லாமையைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, பளபளக்கும் உறையில் போட்டு விற்கிறார்கள். அந்த உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது. ஆகவே காயலான் கடைக்காரர் அதை எடைக்கு எடுக்க மாட்டார். காசாகக் கூடியதைப் பொறுக்குகிறவர் பொறுக்கிவிடுகிறார். காசாகாதது கடலுக்குப் போகிறது.

இதிலே நம் பொறுப்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. தெருவில் வீசிய கை நம் கைதான். ஆனால் உறையைச் செய்தவரை விட்டுவிட்டு, வீசியவரை மட்டும் திட்டினால் அது பாதி நியாயம். பிளாஸ்டிக் கழிவு பற்றி 2016-ல் வந்த மத்திய சர்க்கார் விதிகள் தயாரித்தவருக்கும் விற்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்கின்றன. உறையில் தயாரித்தவரின் அடையாளம் இருக்க வேண்டும் என்றும் சொல்லின. 2022-ல், தயாரிப்பாளர்கள் எவ்வளவு கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். காகிதத்தில் சட்டம் இருக்கிறது. கடற்கரையில் பாக்கெட் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

கடல் கெட்டால் நமக்கு என்ன?

நம் கரை மன்னார் வளைகுடாக் கரை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். பவளப்பாறையும் கடற்புல்லும் உள்ள கடல். மீன் குஞ்சு வளர்கிற தொட்டில் அது. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறி என்று நினைத்து ஆமை விழுங்குகிறது. வலையை இழுத்தால் மீனோடு பிளாஸ்டிக்கும் வருகிறது. விசிறியில் கயிறு சுற்றினால் வள்ளம் நடுக்கடலில் நிற்கிறது. நஷ்டம் மீனவத் தோழருக்கு.

நமக்கு? வெயிலிலும் அலையிலும் பிளாஸ்டிக் பொடிப் பொடியாகிறது. ஆனால் மக்கிப் போவதில்லை. அந்தப் பொடி தூத்துக்குடி உப்பிலும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். உப்பளத்துத் தொழிலாளி வெயிலில் வெந்து எடுத்த உப்பு அது. நம் கஞ்சிக்குப் போடுகிற உப்பு அது. வாய்க்காலில் போட்டது வட்டியோடு வட்டிலுக்குத் திரும்பி வருகிறது.

மில்லில் பஞ்சு பொறுக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேலில் சாக்கு நூல் ஒன்று, பிளாஸ்டிக் இழை ஒன்று கலந்திருந்தால் நூல் கெட்டுவிடும், துணியில் சாயம் ஏறாது என்று உங்களை வரிசையாக உட்கார வைத்துப் பொறுக்கச் சொல்கிறார்கள். ஒரு பேல் பஞ்சுக்கு அவ்வளவு கவனம்! ஒரு கடலுக்கு?

எண்ணியதால் என்ன கிடைத்தது?

எண்ணுவதால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்க் கதையைச் சொல்கிறோம்.

முதலாவது, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணம். 1986 செப்டம்பரில் அங்கே கடற்கரையைச் சுத்தம் செய்ய லிண்டா மரானிஸ் என்ற பெண்மணி ஜனங்களைத் திரட்டினார். 2,800 பேர் வந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் 124 டன் குப்பை எடுத்தார்கள். அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: ஒவ்வொரு சாமானையும் அட்டையில் குறித்தார்கள். குறித்துப் பார்த்தபோது, கரைக்கு வந்தவர்கள் போட்ட குப்பை மட்டுமல்ல, கப்பல்களிலிருந்து கொட்டிய குப்பையும் கிடப்பது எழுத்தில் வந்தது. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டக் கூடாது என்ற தடைக்காக வாதாடியவர்கள் கையில் அந்தக் கணக்கும் இருந்தது. அந்தத் தடை சர்வதேச விதியாகி 1988 டிசம்பர் 31-ல் அமலுக்கு வந்தது. அட்டையும் பென்சிலும் கப்பல் கம்பெனிகள் வரைக்கும் போயின! அன்று தொடங்கியது இன்று பல நாடுகளில் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் நடக்கிறது.

இரண்டாவது, நம் நாட்டு பம்பாய். அங்கே வெர்சோவா கடற்கரை, சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வக்கீல், 84 வயதான ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடு குப்பை அள்ளத் தொடங்கினார். இரண்டு பேர்! பிறகு மீனவர்கள் வந்தார்கள், குடிசைப் பகுதி ஜனங்கள் வந்தார்கள், மாணவர்கள் வந்தார்கள். வாரா வாரம் அள்ளி, லட்சக்கணக்கான கிலோ எடுத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையே பாராட்டியது. ஆனால் 2017 நவம்பரில் வேலை நின்றது. ஏன்? அள்ளிய குப்பையை நிர்வாகம் வந்து எடுக்கவில்லை, தொண்டர்களைச் சிலர் மிரட்டினார்கள் என்று சொல்லி அவர் வேலையை நிறுத்தினார். முதலமைச்சர் உறுதி கொடுத்த பிறகுதான் மறுபடியும் தொடங்கினார்கள். 2018 மார்ச்சில், ஏறத்தாழ இருபது வருஷத்துக்குப் பிறகு, அந்த மணலில் ஆமைக் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்து கடலுக்கு நடந்தன.

இந்த இரண்டு கதையிலும் நமக்கு வேண்டியது இருக்கிறது. எண்ணு, எண்ணினால் பேச முடியும். அள்ளியதை எடுத்துப் போக ஆள் நிற்கிறதா என்று பார். பார்க்காவிட்டால் ஊரே பாராட்டினாலும் வேலை நிற்கும். நம் ஊரில் நடந்ததும் அதுதானே?

ஞாயிற்றுக்கிழமை எப்படி நடக்கும்?

இனி வேலை முறையைச் சொல்கிறோம். கவனித்துக் கேளுங்கள்.

முதலில், கரைக்குச் சொந்தக்காரர் மீனவர். அது அவர்களுடைய களத்துமேடு. அவர்களுடைய ஊர்க் கமிட்டியைப் பார்த்துப் பேசினோம். ஒரு பெரியவர் சொன்னார்: “சுத்தம் பண்ணுங்க, நல்லதுதான். ஆனா கரை அழகாயிட்டா, இங்க வல காயப் போடாத, கருவாடு காயப் போடாதன்னு எங்கள எந்திரிக்கச் சொல்லுவான். அதுக்கு நீங்க ஆள் சேக்கீங்களோ?” இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆகவே ஊர்க் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்: வலை காயும் இடம், வள்ளம் நிற்கும் இடம், கருவாட்டுப் பந்தல் எதையும் தொட மாட்டோம், கரையை விட்டு மீனவரை எழுப்பும் எந்தத் திட்டத்துக்கும் நம் பெயர் பயன்படாது. குப்பை எது, சொத்து எது என்று அவர்களே நின்று காட்டுவார்கள். பழைய கயிறு என்று நாம் நினைப்பது அவர்களுக்கு நாளைய நங்கூரக் கயிறாக இருக்கும்.

இரண்டாவது, துப்புரவுத் தொழிலாளர். அவர்களிடமும் பேசினோம். நாம் ஒருநாள் அள்ளுவது அவர்களுடைய வேலையைப் பறிக்க அல்ல. “தொண்டர்கள் இருக்கிறார்கள், ஆள் எதற்கு” என்று எந்த நிர்வாகமாவது சொன்னால், அன்றே இந்த வேலையை நிறுத்துவோம். நமக்கு ஒருநாள் வேலைக்குக் கையுறை தேடுகிறோம். தினமும் அள்ளுகிற அவர்களுக்குக் கையுறை இருக்கிறதா? நம் மனுவில் முதல் வரி அதுதான்.

மூன்றாவது, வண்டி. பஞ்சாயத்துக்கு முன்கூட்டியே மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். வண்டி வந்து நின்றால்தான் முதல் சாக்கைக் கட்டுவோம். வராவிட்டால் எண்ணி மட்டும் எழுதிக்கொண்டு, மனுவின் நகலோடு மறுநாள் ஆபீசுக்குப் போவோம்.

நான்காவது, நேரம். காலை ஆறு மணிக்குத் தொடக்கம், எட்டரைக்கு முடிவு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வர வேண்டாம், தூங்குங்கள். பச்சைக் குழந்தைக்காரர்களும் மாசமாக இருப்பவர்களும் வெயிலில் நிற்க வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து வேலை வாங்கக் கூடாது. தாய் தகப்பனோடு வந்தால் வரலாம்.

ஐந்தாவது, குழு. ஐந்தைந்து பேராகப் பிரிவோம். இரண்டு பேர் பொறுக்குவார்கள். ஒருவர் சாக்குப் பிடிப்பார். ஒருவர் இனம் பிரிப்பார். ஒருவர் எழுதுவார். பாட்டில், பாக்கெட், பை, கயிறும் வலையும், கண்ணாடி, செருப்பு, மருந்து டப்பா என்று தனித்தனிக் கோடு. பாக்கெட்டில் கம்பெனிப் பெயர் தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். சுத்தமான பாட்டிலைத் தனியே வையுங்கள். மில் தோழர்களுக்குத் தெரியும்: தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் நூலும் ஒரே சரக்கு, பாட்டிலை உருக்கி இழையாக்குகிறார்கள். ஆகவே அதற்கு விலை உண்டு. அந்தக் காசு கரையில் பொறுக்கிப் பிழைக்கும் ஆட்களுக்கு; நம் நிதிக்கு அல்ல.

ஆறாவது, ஆபத்து. ஊசி, உடைந்த கண்ணாடி, ஆஸ்பத்திரிக் கழிவு எதையும் கையால் தொடக் கூடாது. இடுக்கியால் எடுத்து மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும். கரை ஒதுங்கிய டிரம், பெட்டி எதையும் திறக்கக் கூடாது. தள்ளி நின்று போலீசுக்குச் சொல்ல வேண்டும். 2025 மே 25-ல் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அதன் பெட்டிகளில் கால்சியம் கார்பைடும் இருந்தது. வெல்டிங் பட்டறை தெரிந்தவர்களுக்குக் கார்பைடைத் தெரியும்: தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். அதே கப்பலிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை நம் கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்து ஒதுங்கியது. மீன் முட்டை போலிருக்கும். மீனும் அப்படித்தான் ஏமாறுகிறது. அந்தக் குருணையைக் கண்டால் மண்ணைத் தோண்டிப் புதைக்காதீர்கள். சல்லடையில் சலித்துத் தனியே கட்டுங்கள்.

ஏழாவது, தொடக் கூடாதவை. மணல் மேட்டில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும், முள்முள்ளாக நிற்கும் ராவணன் மீசையையும் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துகிற வேலி அவை. ஒதுங்கிய கடற்பாசியும் சிப்பியும் குப்பை அல்ல; கடலின் உரம். தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும் காலம்; அப்போது மணலைக் கிளறவோ டிராக்டர் ஓட்டவோ கூடாது.

எட்டாவது, எரிக்கக் கூடாது. “கொளுத்திவிட்டால் வேலை முடிந்தது” என்பார்கள். முடியாது; புகையாகி நம் பிள்ளைகளின் மார்புக்குள் போகும்.

கடைசியாக, டீ இந்தத் தடவையும் உண்டு. டம்ளர் அவரவர் வீட்டிலிருந்து!

கணக்கு எங்கே போகும்?

எழுதிய கணக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்ட மாட்டோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வாசிப்போம். ஓடையும் வாய்க்காலும் ஆற்றில் சேரும் இடத்தில் கம்பித் தடுப்பு வேண்டும், அதில் சேருவதை அள்ள நிரந்தர ஆள் வேண்டும் என்று தீர்மானம் கேட்போம். மில் நிர்வாகத்திடம், கோனும் கட்டுப் பட்டையும் வெளியே போகாமல் திரும்ப எடுக்க ஏற்பாடு கேட்போம். மருந்துக் கடையிடம், காலி டப்பாவைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கேட்போம். அது வரை டப்பாவைத் தெளிப்பானுக்குள்ளேயே மூன்று தடவை அலசி ஊற்றி, ஓட்டை போட்டு, வாய்க்காலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் தண்ணீர் பிடித்துக் குடிக்காதீர்கள். பாக்கெட் கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவோம்.

நம்மிடமும் நாமே கேட்டுக்கொள்வோம். கடைக்குப் போகும்போது மஞ்சள் பை நம் தோளில் இருக்கிறதா? இலைக் கட்டுக்கு மறுபடியும் நார் கிழிக்க முடியாதா? பிறரைக் கேட்கிறவன் தன் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டும்.

“ஒருநாள் அள்ளினால் கடல் சுத்தமாகிவிடுமா?” என்று ஒரு வாலிபர் கேட்டார். ஆகாது. பதினைந்து நாளில் மறுபடியும் வரும். மறுபடியும் போவோம், மறுபடியும் எண்ணுவோம். முதல் கணக்கையும் இரண்டாம் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எது குறைந்தது, எது கூடியது, யார் கேட்டார்கள், யார் கேட்காதது போல இருந்தார்கள் என்று அப்போது தெரியும்.

தோழர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள் என்று கேட்பது லேசான காரியமல்ல என்று நமக்குத் தெரியும். 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன் நிற்க வேலை நிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கேட்டவற்றில் ஒன்று வார விடுமுறை. அடிபட்டுப் பட்டினி கிடந்து வாங்கிய ஓய்வு நாள் இது. விவசாயத் தொழிலாளருக்கோ, வேலை இல்லாத நாள்தான் லீவு. அதற்குக் கூலி கிடையாது. இப்படிப்பட்ட நாளைக் கேட்கிறோம் என்றால், அதை வீணாக்காமல் திருப்பிக் கொடுக்கிற கடமை நமக்கு இருக்கிறது. போன தடவை வீணாக்கினோம். இந்தத் தடவை வீணாக்க மாட்டோம்.

கணக்கு நோட்டும் பென்சிலும் வாங்கியாகிவிட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டுக் கோடு கிழித்து வைத்திருக்கிறார் அந்தத் தாயார். அவர் ஆறு மணிக்கே வந்துவிடுவார். அவரைக் காக்க வைக்காதீர்கள்.

வாருங்கள்! டம்ளரை மறக்காதீர்கள்!